பரிசுப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் வேலை

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், தெற்குப் பக்கம் இயங்கும், ரோடியோ என்ற கவ்பாய் விளையாட்டுக்கான ஒரு வட்டாரச் சங்கத்துக்கு நான் கணக்கு எழுதுகிறேன். குளிர்காலம் முழுக்க மேசை வேலை. மே பிறந்துவிட்டால் செப்டம்பர் வரை சனி, ஞாயிறுகளில் ஏதாவது ஒரு சிற்றூர் மைதானத்தில்தான் இருப்பேன். அறிவிப்பாளரின் மேடைக்குக் கீழே ஒரு சின்ன அறை கிடைக்கும், இல்லையென்றால் ஒரு டிரெய்லர். வீரர்கள் அதன் ஜன்னலுக்கு வந்து நுழைவுக் கட்டணம் கட்டுவார்கள், முதுகில் குத்திக்கொள்ளும் எண்ணை வாங்கிக்கொள்வார்கள், குலுக்கலில் தங்களுக்கு எந்தக் குதிரை அல்லது எந்தக் காளை விழுந்திருக்கிறது என்று கேட்பார்கள். போட்டி முடிந்ததும் அதே ஜன்னலில் செக் வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். இந்த வேலையைப் பார்ப்பவருக்கு ரோடியோ செக்ரட்டரி என்று பெயர். எங்கள் சங்கத்தின் மூத்த செக்ரட்டரி அறுபதைத் தாண்டிய ஒரு பண்ணைக்காரப் பெண்மணி. நான் அவருக்குத் துணை.

நான் பி.காம் படித்தவள். கணவரின் வேலைக்காக லெத்பிரிட்ஜ் வந்து, ஒரு சின்ன கணக்கு அலுவலகத்தில் சேர்ந்தேன். அந்த அலுவலகத்துக்கு வரும் கோப்புகளில் இந்தச் சங்கத்தின் கோப்பும் ஒன்று. நிதியாண்டு முடிவில் தொட்ட கோப்பை அப்புறம் விடவே முடியவில்லை.

ரோடியோ தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போட்டிகள் இரண்டு வகை. ஒன்று சவாரி: துள்ளும் குதிரையின் மீதோ காளையின் மீதோ ஒரு கையால் மட்டும் பிடித்துக்கொண்டு 8 விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். இன்னொரு கை விலங்கின் மேலோ தன் மேலோ பட்டால் அந்தச் சவாரி செல்லாது. இரண்டு நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். ஒவ்வொருவரும் வீரருக்கு 25 வரை, விலங்குக்கு 25 வரை தரலாம்; மொத்தம் 100. ஆக, பாதி மதிப்பெண் விலங்கினுடையது. மந்தமான குதிரை குலுக்கலில் விழுந்தால் எப்பேர்ப்பட்ட வீரரும் பரிசுக்கு வர முடியாது. இன்னொரு வகை நேரப் போட்டி: கன்றைக் கயிறெறிந்து பிடித்து மூன்று கால்களைக் கட்டுவது, ஓடும் குதிரையிலிருந்து இறங்கி இளங்காளையின் கொம்பைப் பிடித்துச் சாய்ப்பது, மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை விரட்டும் பேரல் ரேசிங்.

இனி என் மேசைக்கு வருகிறேன். ஒரு சவாரிப் போட்டிக்கு, ரோடியோவைத் தன் ஊரில் நடத்தும் ஊர்க்குழு 1,500 டாலர் பரிசு அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 பேர் பெயர் கொடுக்கிறார்கள், ஆளுக்கு 100 டாலர் கட்டணம். கட்டணத் தொகை 2,000 ஊர்க்குழுவின் பணத்தோடு சேர்ந்து பரிசு 3,500 ஆகும். நான்கு இடங்களுக்குப் பிரித்தால் 40, 30, 20, 10 சதவீதம் என்பது வழக்கம். முதல் இடத்துக்கு 1,400, இரண்டுக்கு 1,050, மூன்றுக்கு 700, நான்குக்கு 350. இரண்டாம் இடத்தில் இருவர் சமமாக வந்தால் 30-ஐயும் 20-ஐயும் கூட்டிப் பாதியாக்க வேண்டும், ஆளுக்கு 875. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் ஒரு காலத்தில் வீரர்கள் கட்டிய அந்த 2,000 பரிசில் சேராது. அதை நடத்துகிறவர் எடுத்துக்கொள்வார், வென்றவருக்கு 1,500-இல்தான் பங்கு. 1,400 வாங்க வேண்டியவர் 600 வாங்கிக்கொண்டு போவார். அமெரிக்காவிலும் கனடாவிலும் ரோடியோ வீரர்கள் சங்கம் கட்டிய கதைக்கு வேர் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சங்கம் என்ற ஏற்பாட்டை முதலில் கையில் எடுத்தவர்கள் போட்டி நடத்துகிறவர்கள்தான். 1929-இல் அவர்கள் ரோடியோ அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். எல்லா ஊருக்கும் பொதுவான விதிகள், ஆண்டுச் சாம்பியனைத் தேர்ந்தெடுக்கப் புள்ளிமுறை எல்லாம் அதில் வந்தன. நல்ல காரியம்தான். ஆனால் சவாரி செய்து எலும்பு முறித்துக்கொள்கிறவர்களுக்கு அதில் குரல் இல்லை. பரிசு எவ்வளவு, நடுவர் யார், கட்டணம் எங்கே போகிறது என்பதெல்லாம் அவர்களைக் கேட்காமலே முடிவானது.

1936 இலையுதிர்காலத்தில் டெக்சாஸ்காரரான கர்னல் டபிள்யூ.டி. ஜான்சன் பெரிய நகரங்களில் ரோடியோ நடத்திக்கொண்டிருந்தார். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் முடிந்து கூட்டம் பாஸ்டன் கார்டனுக்கு வந்தது. அங்கே அறிவித்திருந்த பரிசைப் பார்த்து வீரர்கள் காகிதத்தில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ரயில் கட்டணம், குதிரையை ஏற்றி இறக்கும் செலவு, தங்கும் செலவு, நுழைவுக் கட்டணம். வென்றால்கூடக் கைக்கு மிஞ்சுவது சொற்பம். 61 பேர் ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பரிசை இரட்டிப்பாக்க வேண்டும், நுழைவுக் கட்டணத்தை ஒவ்வொரு போட்டியின் பரிசிலும் சேர்க்க வேண்டும் என்பவை கோரிக்கைகள். ஜான்சன் மறுத்துவிட்டு, கிடைத்த வேறு ஆட்களை வைத்துக் காட்சியை நடத்தப் பார்த்தார். பார்க்க வந்த கூட்டத்துக்கு அது சகிக்கவில்லை. அரங்கத்தை நிர்வகித்தவர்கள் நெருக்கியதும் அவர் இறங்கிவந்தார். அடுத்த ஆண்டே தன் ரோடியோ தொழிலையும் விற்றுவிட்டார்.

அந்த வெற்றியோடு 1936 நவம்பரில் பிறந்ததுதான் கவ்பாய்ஸ் டர்ட்டில் அசோசியேஷன். டர்ட்டில் என்றால் ஆமை; ஆமையைப் போல மெதுவாகச் சேர்ந்தோம், ஆனால் கடைசியில் கழுத்தை நீட்டிவிட்டோம் என்று அவர்களே சொல்லி வைத்துக்கொண்ட பெயர். 1945-இல் அது ரோடியோ கவ்பாய்ஸ் அசோசியேஷன் ஆனது, 1975-இல் முன்னால் 'புரொஃபஷனல்' சேர்ந்தது. இன்று கொலராடோ ஸ்பிரிங்ஸில் பெரிய தலைமையகம், டிசம்பரில் லாஸ் வேகஸில் தேசிய இறுதிப்போட்டி. 1959-இல் டல்லஸில் தொடங்கிய அந்த இறுதிப்போட்டி, லாஸ் ஏஞ்சலஸ், ஓக்லஹோமா சிட்டி என்று இடம் மாறி 1985-இல்தான் வேகஸுக்குப் போனது. அந்த வெளிச்சமெல்லாம் பிற்பாடு வந்தது. என்னைப் பிடித்து வைத்திருப்பது அந்த விண்ணப்பம். இரண்டு கோரிக்கைகளும் பணக் கோரிக்கைகள். வீரம், மரபு, புகழ் எதைப் பற்றியும் அவர்கள் எழுதவில்லை. ஒரு கணக்கர் படித்தால் உடனே புரிந்துகொள்ளும் மனு அது.

டர்ட்டில் சங்கத்தின் தொடக்ககால உறுப்பினர்களில் ஒருவர் எங்கள் பக்கத்துக்காரர்: கார்ட்ஸ்டனைச் சேர்ந்த ஹெர்மன் லிண்டர். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தெற்கு ஆல்பர்ட்டாவில் ரோடியோவின் வயது இந்த மாகாணத்தின் வயதைவிட அதிகம். 1902-இல் ரேமண்ட் என்ற ஊரில் அதே பெயர் கொண்ட ரேமண்ட் நைட் தன் பண்ணைக் குதிரைகளையும் மாடுகளையும் கொண்டுவந்து நடத்தியதுதான் கனடாவின் முதல் ரோடியோ. ஆல்பர்ட்டா மாகாணமானது 1905-இல். கால்கரி ஸ்டாம்பீட் 1912-இல் வந்தது. கை வீடிக் என்ற நியூயார்க் மாநிலத்துக்காரர் யோசனையைக் கொண்டுவந்தார், பேட் பர்ன்ஸ், ஜார்ஜ் லேன், ஏ.இ. கிராஸ், ஆர்ச்சி மக்லீன் என்ற நான்கு பெரும்புள்ளிகள் 1,00,000 டாலருக்குப் பொறுப்பேற்றார்கள். இந்த மண்ணில் வளர்ந்த ஏர்ல் பாஸ்கம் என்ற இளைஞர் 1920களில் வடிவமைத்த முன்கொம்பில்லாத சேணமும், சேணம் இல்லாமல் குதிரை ஏறுகிறவர்கள் பிடித்துக்கொள்ளும், ஒரு கைப்பிடி கொண்ட பேர்பேக் பட்டையும் பிறகு எல்லா இடத்துக்கும் பரவின. அவற்றின் வழிவந்தவற்றைத்தான் இன்றைய பையன்கள் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு என் ஜன்னலுக்கு வருகிறார்கள்.

கனடாவின் வீரர் சங்கம் 1944-இல் ஆல்பர்ட்டாவில் தொடங்கியது. காயப்பட்டவர்களுக்கு ஏதாவது காப்பீடு வேண்டும் என்பதே முதல் நோக்கம். அமெரிக்காவில் பரிசுப் பணத்துக்காகச் சேர்ந்தார்கள், இங்கே முறிந்த காலுக்காகச் சேர்ந்தார்கள். இந்த வித்தியாசம் எனக்கு ரொம்பப் பெருமை தரும் ஒன்று. கவ்பாய்ஸ் ப்ரொடெக்டிவ் அசோசியேஷன் என்று வழங்கிய அது 1965-இல் கனடியன் ரோடியோ கவ்பாய்ஸ் அசோசியேஷன் ஆகி, 1980-இல் கனடியன் புரொஃபஷனல் ரோடியோ அசோசியேஷன் ஆனது. 1974 முதல் எட்மன்டனில் நடந்த அதன் இறுதிப்போட்டி 2018-இல் ரெட் டியருக்குப் போய், இப்போது திரும்பவும் எட்மன்டனுக்கு வந்திருக்கிறது.

எங்கள் சங்கம் இந்தப் பெரிய சங்கங்களுக்கு ஒரு படி கீழே. லேக்லண்ட், வைல்ட்ரோஸ், ஃபூட்ஹில்ஸ், சினூக் என்று ஆல்பர்ட்டாவில் இப்படிப்பட்ட வட்டாரச் சங்கங்கள் பல. இவற்றை வெறும் பயிற்சிக்களம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலானவர்கள் வாரம் முழுக்க வேலை பார்ப்பவர்கள்: வெல்டர், பள்ளி ஆசிரியை, குதிரை லாடம் அடிப்பவர், எண்ணெய்க் கிணற்றில் இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் விடுப்பு என்று போய்வருபவர். ஆண்டு முழுக்க வண்டியிலேயே வாழ்ந்து ஊர் ஊராகப் போக அவர்களால் முடியாது. சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்பக்கூடிய தூரத்தில் ஒரு ரோடியோ வேண்டும், அதில் கட்டிய பணத்துக்கு நேர்மையான கணக்கு வேண்டும். வட்டாரச் சங்கம் இருப்பது அதற்காக.

சங்கம் செய்யும் வேலையில் பெரும்பகுதி வெளியே தெரியாது. முதல் வேலை தேதி ஒதுக்குவது. பக்கத்து ஊர்கள் இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்தால் இரண்டுக்கும் ஆள் குறையும். ஜனவரியில் நடக்கும் தேதிக் கூட்டம் சில சமயம் சூடாகிவிடும். எங்கள் ஊர்த் திருவிழா தாத்தா காலத்திலிருந்து அந்த வாரம்தான் என்பார் ஒருவர், எங்கள் மைதானத்தில் அப்போதுதான் தண்ணீர் வற்றும் என்பார் இன்னொருவர். கனடா தினமான ஜூலை 1-ஐ ஒட்டிய நாட்களை யாருமே விடமாட்டார்கள். ரேமண்ட், போனோக்கா, வில்லியம்ஸ் லேக் என்று பெரிய போட்டிகள் எல்லாம் அப்போதுதான் நடக்கும். ஒரே வீரர் ஒரே நாளில் இரண்டு ஊரில் சவாரி செய்வார். அந்த வாரத்துக்குக் கவ்பாய் கிறிஸ்துமஸ் என்றே பெயர்.

அடுத்தது பெயர் பதிவு. முன்பெல்லாம் ஒவ்வொரு ஊரின் செக்ரட்டரிக்கும் வீரரே போன் செய்ய வேண்டும். அமெரிக்கச் சங்கம் 1976-இல் ப்ரோகாம் என்ற மையப் பதிவு முறையைக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது. ஒரே அழைப்பில் பல ஊர்களுக்குப் பெயர் கொடுக்கலாம். எங்கள் மூத்த செக்ரட்டரி அதற்கு முந்தைய நாட்களையும் பார்த்தவர். சமையலறைச் சுவரில் தொலைபேசி, மேசை முழுக்கச் சீட்டுகள், இரவு பத்து மணி வரை அழைப்புகள் வருமாம். வீரரின் குரலைக் கேட்டே அவருக்கு அடிபட்டிருக்கிறதா என்று கண்டுபிடித்துவிடுவேன் என்பார். இப்போது எல்லாம் இணையத்தில்.

மூன்றாவதுதான் பணம். எங்கள் விதிப்படி ஊர்க்குழு அறிவித்த பரிசுத் தொகையை ரோடியோவுக்கு முன்பே சங்கத்தின் கணக்கில் கட்டிவிட வேண்டும். இதன் அருமை எனக்கு ஒரு மழை வாரத்தில் புரிந்தது. வெள்ளி இரவு தொடங்கிய மழை ஞாயிறு வரை விடவில்லை. மைதானம் சேறு. பார்வையாளர் கொட்டகையில் பாதிகூட நிறையவில்லை. கடைசிப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போது ஊர்க்குழுவிலிருந்து ஒருவர் எங்கள் டிரெய்லருக்குள் வந்தார். டிக்கெட் வசூல் படுத்துவிட்டது, இன்று செக் கொடுக்காமல் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, ஊர்ப் பணம் நஷ்டமாகிறதே என்ற கவலை. மூத்த செக்ரட்டரி அவருக்கு ஒரு காபி ஊற்றிக் கொடுத்தார்.

"உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் இந்தப் பணம் இப்போது உங்களுடையதும் இல்லை, எங்களுடையதும் இல்லை. சேற்றில் இறங்கினவர்களுடையது" என்றார்.

அன்று மாலை எல்லாருக்கும் செக் போனது. அந்தக் காலத்தில் பரிசுப் பணத்தோடு ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போன அமைப்பாளர்கள் உண்டு. வீரர்கள் சங்கம் கட்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதைவிட எனக்குப் பிடித்த விதி ஒன்று இருக்கிறது. எட்டு விநாடி யாருமே தாக்குப்பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது? காளைச் சவாரியில் இது நடக்கும். எட்டுப் பேர் பெயர் கொடுப்பார்கள், எட்டுப் பேரும் மண்ணில் விழுவார்கள். பரிசு யாருக்கும் இல்லை என்று பணத்தை ஊர்க்குழுவிடம் திருப்பித் தருவதில்லை. பெயர் கொடுத்த எட்டுப் பேருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்போம். இதை கிரவுண்ட் மணி என்பார்கள். தோற்றவருக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. பரிசாக வைத்த பணம் ஒருமுறை மேசைக்கு வந்துவிட்டால் அது விளையாடுகிறவர்கள் பக்கமே நிற்கும் என்பதுதான் இதற்குள் இருக்கும் நியாயம். பாஸ்டனில் கையெழுத்துப் போட்டவர்கள் கேட்ட நியாயமும் இதுதான்.

எல்லோருக்கும் இந்த நியாயம் ஒரே சமயத்தில் கிடைத்துவிடவில்லை. 1912 கால்கரி ஸ்டாம்பீடில் சைக்ளோன் என்ற அடங்காத குதிரையில் நிலைத்து வென்றவர் கைனாய் என்ற பழங்குடி இனத்தைச் சேர்ந்த டாம் த்ரீ பர்சன்ஸ். இரண்டே ஆண்டில், 1914-இல், மேற்கு மாகாணங்களின் பழங்குடியினர் அரசு அதிகாரியின் அனுமதி இல்லாமல் பாரம்பரிய உடையில் கண்காட்சிகளிலோ ஸ்டாம்பீடுகளிலோ கலந்துகொள்ளக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். பின்னாளில் பழங்குடி வீரர்கள் தங்களுக்கென்று சங்கங்கள் கட்டினார்கள். 1976-இல் சால்ட் லேக் சிட்டியில் இண்டியன் நேஷனல் ஃபைனல்ஸ் ரோடியோ தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டே கார்ட்ஸ்டன் பகுதியின் கைனாய் வீரர் ஜிம் கிளாட்ஸ்டன் கன்றுக் கயிறு போட்டியில் உலகச் சாம்பியன் ஆனார். பெண்களும் அப்படித்தான். 1948-இல் டெக்சாஸின் சான் ஏஞ்சலோவில் 38 பெண்கள் கூடி கேர்ள்ஸ் ரோடியோ அசோசியேஷனைத் தொடங்கினார்கள். அதுவரை பல ஊர்களில் பெண்களை அழகுக்காகக் குதிரையில் ஊர்வலம் விட்டார்கள். எங்கள் சங்கத்தில் பேரல் ரேசிங்குக்குத்தான் இப்போது பெயர்ப் பதிவு அதிகம். கட்டணம் பரிசில் சேர்வதால் அந்தப் பரிசும் பெரியது.

விலங்குகளைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. 2007-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் குளோவர்டேல் ரோடியோவில் ஒரு கன்று காயப்பட்டு, அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டிவந்தது. அதற்குப் பிறகு அந்த ரோடியோ கன்றுக் கயிறு, இளங்காளை சாய்ப்பது உள்ளிட்ட நான்கு போட்டிகளை நிறுத்திவிட்டது. துள்ளும் குதிரைகளையும் காளைகளையும் பற்றி எனக்குக் கலக்கம் இல்லை. அவற்றின் மதிப்பு வீரரைவிட அதிகம், அவற்றைக் கவனிக்கும் விதத்தை அருகிலிருந்து பார்க்கிறேன். கன்று விஷயம் வேறு. எங்கள் விதிப்படி கன்று மல்லாந்து விழும்படி கயிற்றைச் சுண்டி இழுத்தால் தண்டம் உண்டு, கால்நடை மருத்துவர் ஒருவர் அழைத்தால் வரும்படி இருப்பார். என்னைக் கேட்டால் அவர் மைதானத்திலேயே இருக்க வேண்டும், அந்தச் செலவு பரிசுக்கு முன்னால் வர வேண்டும். கூட்டத்தில் இதைச் சொல்லியிருக்கிறேன். சிலர் முகம் சுளித்தார்கள். கயிறு எறிகிறவர்களில் இருவர் என் பக்கம் பேசினார்கள்.

இப்போது என் மனம் முழுக்க இருப்பது மனிதத் தலை. 1989-இல் அமெரிக்காவின் செயென் நகர ரோடியோவில் காளை முட்டி லேன் ஃப்ராஸ்ட் இறந்த பிறகு, அவருடைய நண்பர் கோடி லாம்பர்ட் மார்புக் கவசம் ஒன்றை உருவாக்கினார். இன்று அது இல்லாமல் யாரும் காளை ஏறுவதில்லை. விலா எலும்புக்கு அப்படி ஒரு வழி பிறந்தது. மூளைக்கு இன்னும் பிறக்கவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மெரிட்டைச் சேர்ந்த டை போசபன் 2016-இல் கனடாவின் காளைச் சவாரிச் சாம்பியன். 2017 ஜனவரியில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார், வயது 25. பரிசோதனையில், திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு நோய் அவருக்கு இருந்தது உறுதியானது. காளைச் சவாரி வீரர் ஒருவரிடம் அதை உறுதிசெய்தது அதுவே முதல் முறை. பெரிய ரோடியோக்களில் விளையாட்டு மருத்துவக் குழு இருக்கிறது. எங்களைப் போன்ற வட்டார ரோடியோவில் பெரும்பாலும் ஓர் ஆம்புலன்ஸ்தான். தலையில் அடிபட்ட பையன் சனிக்கிழமை எங்கள் மைதானத்தில் தள்ளாடி எழுந்து, ஞாயிற்றுக்கிழமை வேறொரு சங்கத்தின் மைதானத்தில் ஏறிவிடுவான். அங்கே யாருக்கும் தெரியாது.

கட்டணப் பாக்கி வைத்தவர்களை நாங்கள் எப்படித் தடுக்கிறோம் என்று யோசித்தேன். ஒருவருடைய செக் திரும்பிவிட்டால் அவர் பெயரைத் தடைப்பட்டியலில் ஏற்றுவேன். பாக்கியைக் கட்டும்வரை எங்கள் சங்கத்தின் எந்த ரோடியோவிலும் அவரால் பெயர் கொடுக்க முடியாது, பதிவு மென்பொருளே மறுத்துவிடும். நூறு டாலர் பாக்கிக்கு இவ்வளவு கறாராக இருக்கிறோமே, தலைக்காயத்துக்கு இருக்கக் கூடாதா? அதே பட்டியலில் இன்னொரு பத்தி போதும். நடுவரோ ஆம்புலன்ஸ் ஊழியரோ எழுதிக் கொடுத்தால் பெயர் ஏறும், மருத்துவர் கையெழுத்து வந்தால் இறங்கும். அந்த நாட்களுக்கு அவர் கட்டிய கட்டணம் முழுசாகத் திரும்பக் கிடைக்கும், அப்போதுதான் மறைக்க மாட்டார்கள். பக்கத்துச் சங்கங்களும் அதே பட்டியலைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பயனில்லை.

இதைத் தீர்மானமாக எழுதி மூத்த செக்ரட்டரியிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, 1944-இல் இங்கே சங்கம் தொடங்கியதே இதற்குத்தானே என்று சொல்லி முன்மொழிபவராகத் தன் பெயரைப் போட்டார். பக்கத்துச் சங்கங்கள் இரண்டு சம்மதித்திருக்கின்றன, மூன்றாவது யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறது. நவம்பர் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு.